டென்ஷனர் புல்லி மாற்றுவது

காலையில் சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு கிரீச்சல். கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சந்துகளில் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். எதிர்வீட்டுப் பெரியவர் பல் தேய்த்துக்கொண்டே பால்கனிக்கு வந்து எட்டிப் பார்ப்பார். என் பழைய கார் மூன்று மாதம் இப்படித்தான் தெருவை எழுப்பியது. முதல் மாதம் பெல்ட்டை மாற்றினேன். சத்தம் சற்றுக் குறைந்த மாதிரி இருந்தது. செலவழித்த காசு அப்படி நினைக்க வைத்தது. இரண்டாம் மாதம் யாரோ சொன்னதைக் கேட்டுப் பெல்ட்டின் மேல் ஸ்ப்ரே அடித்தேன். அது ஊர்ப் புழுதியை இழுத்துப் பசையாக அப்பிக்கொண்டது. மூன்றாம் மாதம் ஒரு மிஸ்திரி நீளமான திருப்புளி ஒன்றின் நுனியை என்ஜின் பக்கவாட்டில் ஓரிடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்தி அரை நிமிடம் கேட்டார். பிறகு என்னையும் கேட்கச் சொன்னார். ஆட்டுக்கல்லில் வெறுங்குழவி சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம். பெல்ட்டுக்கு ஒன்றுமே இல்லை. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சக்கரத்தின் பேரிங் வறண்டு போயிருந்தது.

அந்தச் சக்கரத்தைக் கண்டுபிடிப்பதும் கழற்றுவதும் மாட்டுவதும்தான் இந்த அத்தியாயம். வேலை அரை நாள் வேலை. அதில் பாதி நேரம் சத்தத்தைக் கேட்பதற்கே போக வேண்டும்.

அம்பாசடருக்கு இல்லாத உறுப்பு

கொல்கத்தாவில் கார் பழுது கற்றுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அம்பாசடரில் கை பழகியவர்கள். ஹூக்ளி கரையில் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை அந்த வண்டி வந்துகொண்டிருந்தது. பழைய அம்பாசடரின் முன்பக்கம் ஒரு வி-பெல்ட். கீழே கிராங்க் புல்லி, மேலே ஃபேனும் வாட்டர் பம்ப்பும், பக்கத்தில் டைனமோ என்று முக்கோணமாக ஓடும். தளர்ந்தால் டைனமோவின் போல்ட்டை நெகிழ்த்தி, சுத்தியல் பிடியை நெம்புகோலாக வைத்து வெளியே தள்ளி, மறுபடி இறுக்குவார்கள். கட்டைவிரலால் அமுக்கினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். மஞ்சள் டாக்ஸி ஓட்டுநருக்கு இது சவாரிக்கும் சவாரிக்கும் நடுவே செய்கிற வேலை.

பின்னால் வந்த கார்களில் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டியரிங் பம்ப் எல்லாவற்றையும் ஒரே தட்டைப் பெல்ட் சுற்ற ஆரம்பித்தது. அமெரிக்காவில் ஃபோர்ட் மஸ்டாங்கில் 1979-இல் வந்த ஏற்பாடு இது. பாம்புபோல வளைந்து நெளிந்து ஓடுவதால் செர்பென்டைன் பெல்ட் என்று பெயர். நம் ஒர்க்‌ஷாப்களில் இதையும் ‘ஃபேன் பெல்ட்’ என்றுதான் சொல்கிறார்கள், அது ஃபேனைச் சுற்றாவிட்டாலும். இவ்வளவு நீளப் பெல்ட்டை டைனமோவைத் தள்ளி இறுக்க முடியாது. அதனால் ஸ்பிரிங் வைத்த ஒரு கையும், அதன் நுனியில் ஒரு புல்லியும் சேர்ந்து எப்போதும் பெல்ட்டை அமுக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் கைதான் டென்ஷனர்.

2003-இல் இங்கே வந்த டொயோட்டா கொரோலா இந்த வகை. ஒரே பெல்ட் நான்கையும் சுற்றும். முதல் தலைமுறை சான்ட்ரோ போன்ற சிறிய கார்களில் பெல்ட்டுகள் தனித்தனி. ஏசி பெல்ட்டுக்கு மட்டும் ஒரு புல்லி இருக்கும், ஸ்பிரிங் கிடையாது. நடு நட்டை நெகிழ்த்தி, நீளமான ஒரு போல்ட்டைத் திருகி இறுக்க வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் ஸ்பிரிங் வகைக்கு. மற்றதற்கு வேலை இன்னும் எளிது.

இந்த ஊரின் மழை

புல்லிக்குள் இருப்பது இருபுறமும் அடைத்த ஒரு பால் பேரிங். அதில் வைத்த கிரீஸ்தான் அதன் ஆயுள் முழுவதற்கும். கிராங்க் சுற்றுவதைவிட வேகமாகச் சின்னச் சக்கரம் சுற்றுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்று போவதற்குள் சின்னது இரண்டு மூன்று சுற்று போயாக வேண்டும். போதாததற்கு, பெரும்பாலும் வலப்பக்க முன்சக்கரத்துக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஜூலையில் ஆம்ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட்டிலோ சென்ட்ரல் அவென்யூவிலோ முழங்கால் தண்ணீரில் வண்டியை ஓட்டிவிட்டு வந்தால், சூடான பேரிங் மேல் சேற்றுத் தண்ணீர் அடிக்கிறது. சூடாக இருந்தது சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சத்தம் அன்றைக்கு வராது. பூஜை விடுமுறையில் தீகா போகும் வழியில் வரும்.

அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும்? பேரிங் இறுகிப்போனால் பெல்ட் அதன் மேல் தேய்ந்து புகைந்து அறுந்துவிடும். அதே நொடியில் பேட்டரி விளக்கு எரியும், ஸ்டியரிங் கல்லாகும், வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடும் வண்டியாக இருந்தால் சில நிமிடத்தில் வெப்பமுள் மேலே ஏறும். பார்க் சர்க்கஸிலிருந்து பைபாஸுக்கு மா ஃப்ளைஓவரில் போய்க்கொண்டிருக்கும்போது இது நடந்தால் ஒதுங்கி நிற்க இடம் இல்லை. அங்கேதான் ‘இறங்கும் வரை ஓட்டிவிடலாம்’ என்று ஆசை வரும். ஓட்டினால் புல்லிக்கான செலவு ஹெட் கேஸ்கெட் செலவாக மாறும். அபாய விளக்கைப் போட்டு என்ஜினை அணைத்துவிடுங்கள்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்பது

ஒரு குவளைத் தண்ணீர் போதும். என்ஜின் ஓடும்போது பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தெளியுங்கள். ‘சிக் சிக்’ என்ற சிட்டுக்குருவிச் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கித் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்க்கோட்டில் இல்லை. நீளமான கிரீச்சல் தண்ணீர் பட்டதும் அதிகமானால் பெல்ட் வழுக்குகிறது, அதாவது இழுவிசை குறைவு. தண்ணீர் தெளித்தும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் உருட்டலாக ஓடிக்கொண்டே இருந்தால் அது பேரிங்.

எந்த பேரிங் என்பதற்குத் திருப்புளி. சுற்றாத பாகங்களின் மேல் மட்டும் நுனியை வைக்க வேண்டும்: டென்ஷனரின் உடம்பு, ஆல்டர்னேட்டரின் கூடு, வாட்டர் பம்ப்பின் கூடு. ஒவ்வொன்றாகக் கேட்டால் வித்தியாசம் குழந்தைக்கும் தெரியும். துப்பட்டா, வேட்டி நுனி, கழுத்தில் தொங்கும் கம்சாத் துண்டு எதுவும் அருகில் கூடாது. இந்த ஊர் மிஸ்திரிகளுக்குக் கம்சா இல்லாமல் கையே ஓடாது. ஆனால் பெல்ட் ஓடும்போது கழற்றித் தூர வைத்துவிட்டு வருபவரைத்தான் நான் நம்புவேன்.

பெல்ட்டைக் கழற்றியபின் உறுதிப்படுத்தும் சோதனை ஒன்று உண்டு. புல்லியைக் கையால் சுண்டிவிடுங்கள். இதில் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஜம்மென்று வெகுநேரம் சுற்றினால் ‘நல்லாத்தானே ஓடுது’ என்று திருப்பி மாட்டிவிடுவார்கள். நல்ல பேரிங்கில் கிரீஸ் இருக்கும். அது பிடித்து இழுப்பதால் புல்லி ஒன்றிரண்டு சுற்றில் மெத்தென்று நின்றுவிடும். பம்பரம்போல ‘விர்ர்’ என்று நிற்காமல் சுற்றினால் உள்ளே கிரீஸ் காலி. விரலால் மெல்ல உருட்டும்போது மணல் நெருடினாலோ, விளிம்பைப் பிடித்து ஆட்டினால் ‘டக் டக்’ என்று ஆடினாலோ கேள்வியே இல்லை. புல்லியைச் சுற்றிச் செம்பழுப்பு வளையமாகக் கறை தெறித்திருந்தால் அது துருவோடு வெளியேறிய கிரீஸ்.

துரு நீக்கும் ஸ்ப்ரேயைப் பேரிங்கின் மேல் அடிக்காதீர்கள். மிச்சமிருக்கும் கிரீஸையும் அது கரைத்துவிடும். இரண்டு நாள் அமைதி கிடைக்கும். அந்த அமைதியை நம்பி நெடும்பயணம் கிளம்புவதுதான் ஆபத்து.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். என்ஜின் சும்மா ஓடும்போது டென்ஷனர் கை நடுங்காமல் இருக்க வேண்டும். துள்ளிக்கொண்டே இருந்தால் ஸ்பிரிங்கின் அதிர்வைத் தாங்கும் பாகம் போய்விட்டது. கையே பக்கவாட்டில் ஆடினாலும் அப்படித்தான். அப்போது புல்லியை மட்டும் மாற்றுவது வீண். முழு டென்ஷனரையும் வாங்குங்கள். டீசல் கார்களில் கை துள்ளினால் ஆல்டர்னேட்டர் புல்லிக்குள் உள்ள கிளட்ச் இறுகியிருக்கவும் வாய்ப்புண்டு.

வாங்கும்போது

பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே சிறந்தது. பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் மல்லிக் பஜார். பழைய கார்களின் உறுப்புகளுக்கு இந்த ஊரில் அதுதான் தலைநகரம். வண்டியின் பெயரைச் சொன்னால் ஒன்று கிடைக்கும். உறுப்பை மேசைமேல் வைத்தால் சரியானது கிடைக்கும்.

வெர்னியர் இருந்தால் நான்கு அளவு எடுங்கள்: வெளிவிட்டம், அகலம், நடுத்துளை, கடைசியாகப் புல்லியின் விளிம்பு பேரிங்கிலிருந்து எவ்வளவு முன்னால் அல்லது பின்னால் தள்ளி நிற்கிறது என்பது. இந்த நான்காவதை யாரும் பார்ப்பதில்லை. மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே பெல்ட் ஒரு வரி நகர்ந்து ஓடும், ஓரம் நூல்நூலாகப் பிரியும். எனக்கு ஒருமுறை பெட்டியில் சரியான எண்ணும் உள்ளே தவறான புல்லியும் கிடைத்தது. பழையதையும் புதியதையும் மேசைக் கண்ணாடிமேல் அருகருகே வைத்த பிறகுதான் ஒன்று குள்ளம் என்று தெரிந்தது.

இரும்புப் புல்லியாக இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றலாம். பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். பல கார்களில் அது 6203: உள்துளை 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, அகலம் 12. மோட்டார் பம்ப் கடைகளில்கூடக் கிடைக்கும் பொது அளவு. ஆனால் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைப் பாருங்கள். 2ஆர்எஸ், டிடியு, எல்எல்யு என்றெல்லாம் இருந்தால் இருபுறமும் ரப்பர் அடைப்பு. இசட்இசட் என்றால் தகரத் தட்டுதான். நம் மழைக்கு அது ஆகாது. பழைய பேரிங்கைத் தட்டி எடுக்குமுன் பின்னால் பூட்டு வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதியதை வைஸில் வைத்து அழுத்தும்போது அதன் வெளிவளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். சரியான அளவு பாக்ஸ் ஸ்பேனர் ஒன்றை முட்டுக் கொடுத்தால் போதும். நடுவளையத்தில் அழுத்தினால் குண்டுகள் தடத்தில் பள்ளம் போடும், புது பேரிங் முதல் நாளே பாடும். பிளாஸ்டிக் புல்லியில் பேரிங் அச்சோடு வார்த்தது. அதை முழுதாகத்தான் மாற்ற வேண்டும்.

பெல்ட்டும் பழையதென்றால் கூடவே வாங்கிவிடலாம். அதன் முதுகில் 6பிகே1230 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். ஆறு வரி, 1230 மில்லிமீட்டர் நீளம் என்று அர்த்தம். இக்காலப் பெல்ட்டுகள் பழைய ரப்பர்போல வெடிப்பதில்லை. செருப்பின் அடிபோல வரிகள் மழுங்கும். வெடிப்பு இல்லையென்று ஏமாறாமல் வரியின் ஆழத்தைப் பாருங்கள்.

கழற்றுவதும் மாட்டுவதும்

என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும். பெல்ட் ஓடும் வழியை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தோடு நில்லாமல் ஒரு தாளிலும் வரையுங்கள். வரையும்போதுதான் எந்தப் புல்லியில் வரிப் பக்கமும் எதில் முதுகுப் பக்கமும் படுகிறது என்று கண்ணில் விழும். டென்ஷனர் புல்லி பெரும்பாலும் வழுவழுப்பானது, பெல்ட்டின் முதுகில் ஓடும்.

மேலிருந்து கை போகாத வண்டியில் முன்சக்கரத்தைக் கழற்றி உள் மட்கார்டைத் திறக்க வேண்டியிருக்கும். மழைக்குப் பின் சந்துத் தரையை நம்பாதீர்கள். ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். தூக்கியபின் ஸ்டாண்டு வையுங்கள், செங்கல் வேண்டவே வேண்டாம். கழற்றும் கிளிப், போல்ட், வாஷர் எல்லாவற்றையும் கழற்றிய வரிசையில் வைக்க நான் தேநீர் குடித்த மண்குவளைகளைப் பயன்படுத்துகிறேன். ஒரு காலை வேலைக்கு மூன்று குவளை தேறும்.

டென்ஷனர் கையில் ஸ்பேனர் பிடிக்கும் தலை ஒன்றோ, சதுரத் துளை ஒன்றோ இருக்கும். நான் மேலே சொன்ன கொரோலாவில் அது 19 மில்லிமீட்டர் தலை. நீளமான பிடியுள்ள ரிங் ஸ்பேனரை மாட்டி, பெல்ட் தளரும் திசையில் மெதுவாக இழுங்கள். ஸ்பிரிங் பலமானது, ஸ்பேனர் வழுக்கினால் விரல் முட்டி பெயரும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் எட்டக்கூடிய வழுவழுப்பான புல்லியிலிருந்து பெல்ட்டை நழுவவிடுங்கள். பிறகு டென்ஷனர் கையை மெதுவாகத் திரும்பவிடுங்கள், சட்டென்று விடக் கூடாது. சில டென்ஷனர்களில் கையை இழுத்த நிலையில் பூட்ட ஒரு துளை உண்டு. எல் கீ ஒன்றைச் செருகினால் போதும்.

பெல்ட் கழன்ற நிலையில் என்ஜினை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனைதான். பேட்டரிக் கம்பியை மாட்டி, அரை நிமிடம் மட்டும்; பிறகு கம்பியை மறுபடி கழற்றிவிடுங்கள். சத்தம் நின்றிருந்தால் குற்றவாளி பெல்ட் சுற்றுகிற கூட்டத்துக்குள் இருக்கிறான். தொடர்ந்தால் நீங்கள் வேறு அத்தியாயத்தைப் படிக்க வேண்டும்.

இனி நடுப்போல்ட். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். வழக்கம்போல எதிர்த்திசையில் திருப்பினேன், அசையவில்லை. பிடியில் ஒரு குழாயைச் செருகி எம்பினேன். பக்கத்தில் ஸ்கூட்டர் பார்த்துக்கொண்டிருந்த பையன் எட்டிப் பார்த்து, “உல்டா சூடி ஹை, தாதா” என்றான். இந்தி பேசும் மிஸ்திரிகளுக்கு மரை என்பது ‘சூடி’, வளையல். தலைகீழ் வளையல், அதாவது இடது மரை. நான் அவ்வளவு நேரமும் முழுப் பலத்தோடு இறுக்கிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு எம்பு எம்பியிருந்தால் அலுமினியக் கைக்குள் போல்ட் முறிந்திருக்கும்.

டேபிள் ஃபேன் இறக்கையின் முன்மூடியைத் திருப்பியவர்களுக்கு இது புதிதல்ல. சைக்கிளின் இடது பெடலும் இப்படித்தான். சில டென்ஷனர்களில் கையைத் திருப்ப ஸ்பேனர் போடும் தலையே இந்த நடுப்போல்ட்தான். பெல்ட்டைத் தளர்த்தத் திருப்பும்போது போல்ட் கழன்றுவிடக் கூடாது என்பதற்காக, அந்தத் திசையில் இறுகும் மரையாக வைக்கிறார்கள். ஆகவே போல்ட் மசியவில்லையென்றால் பலத்தைக் கூட்டுமுன் திசையைச் சந்தேகப்படுங்கள். தலையில் எல் என்ற எழுத்தோ அம்புக்குறியோ இருக்கிறதா பாருங்கள். போல்ட்டின் பின்நுனி தெரிந்தால் மரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

புதிய புல்லியை வைக்குமுன் அது உட்காரும் இடத்தைத் துணியால் துடையுங்கள். தூசுமூடியும் வாஷரும் முன்பு இருந்த வரிசையிலும் முகத்திலும் போக வேண்டும். ஒரு வாஷர் இடம் மாறினால் போதும், புல்லி தள்ளி உட்காரும். போல்ட்டை முதல் நான்கைந்து சுற்று விரலாலேயே ஏற்றுங்கள். ஸ்பேனரால் தொடங்கினால் மரை குறுக்கே ஏறியது கைக்குத் தெரியாது. இறுக்கும் அளவு வண்டியின் மேனுவலில் இருக்கும்; டார்க் ரெஞ்ச் இருந்தால் அதன்படி. அலுமினியத்தில் ஏறும் 8 எம்எம் போல்ட்டுக்கு உடம்பின் பலம் தேவையில்லை, மணிக்கட்டின் பலம் போதும்.

மற்றப் புல்லிகளின் வரிப் பள்ளங்களில் சேறு காய்ந்திருக்கும். பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுங்கள். இந்த நேரத்தில் எல்லாப் புல்லிகளையும் ஒருமுறை கையால் சுற்றிப் பாருங்கள். வாட்டர் பம்ப்பின் கீழே பச்சையோ வெள்ளையோ கறை வழிந்திருந்தால் அடுத்த செலவு அதுதான். பெல்ட்டில் எண்ணெய் பட்ட கை படக் கூடாது.

மாட்டும்போது கிராங்க் புல்லியில் தொடங்கி, வரைந்த தாளைப் பார்த்தே சுற்றி வாருங்கள். கடைசியில் டென்ஷனர் கையை இழுத்துப் பிடித்து வழுவழுப்பான புல்லியில் நழுவவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு புல்லியிலும் விரல் நுனியை ஓட்டி, எல்லா வரியும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒரு வரி வெளியே தொங்குவது கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு என்ஜின் சுற்றும் திசையில் கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டு மறுபடி தடவுங்கள். பிறகுதான் பேட்டரிக் கம்பி, சாவி.

ஓடவிட்டு எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஏசியைப் போடுங்கள், விளக்கைப் போடுங்கள், ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்புங்கள். பாரம் ஏறும்போது பெல்ட் புல்லியின் நடுவிலேயே ஓட வேண்டும். ஒரு பக்கம் ஏறினால் நிறுத்திவிட்டு வாஷர்களைப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் பானெட்டைத் திறந்து, பெல்ட்டின் ஓரத்தில் புது நூல் எதுவும் பிரியவில்லை என்றும், புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் விழவில்லை என்றும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டின் மரைத் திசை, ஸ்பேனர் அளவு, பேரிங் எண், பெல்ட் எண் நான்கையும் பானெட்டின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். என்னுடையதில் ‘இடது மரை’ என்பதை மட்டும் இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன்.